12 லட்சம் தருகிறோம் என்கிறார்கள், வாங்கலாமா? (கொல்லிமலை, சாமை, கல் வரப்பு)

மேட்டுக்காட்டான்:

வணக்கம். நான் கொல்லிமலைக்காரன். ஊர்ப் பெயர் வேண்டாம், 14 நாட்டில் (இங்கே சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) ஏதோ ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஆறு வருடம் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பினேன். வந்து பார்த்தால் எங்கள் மேட்டுக்காடு முழுக்கக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அப்பா காலத்தில் கடப்பாறை பாதி இறங்கிய இடத்தில் இப்போது ஒரு சாண் தோண்டினாலே பாறை தட்டுகிறது. பத்து மாதம் கழித்துக் கிழங்கைப் பிடுங்குகிறோம், அதோடு சரிவில் மண் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்து கிடக்கிறது, அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு போய் ஓடையில் கொட்டுகிறது. இதைப் பேசிப் பேசியே 40 குடும்பம் சேர்ந்தோம். மாதம் ஒரு கூட்டம், குடும்பத்துக்கு 100 ரூபாய் சேமிப்பு. சரிவில் கல் வரப்பு போட வேண்டும், பாதிக் காட்டிலாவது பழையபடி சாமையும் கேழ்வரகும் வர வேண்டும். இவ்வளவுதான் எங்கள் திட்டம்.

போன மாதம் ஒரு கம்பெனி சார்பில் இரண்டு பேர் வந்தார்கள். 12 லட்சம் தருவார்களாம். 8,000 மரக்கன்று, இரண்டு நிழல்வலைக் குடில், கொஞ்சம் சொட்டுநீர்க் குழாய், ஊர் முகப்பில் ஒரு பெரிய போர்டு. மார்ச் 31-க்குள் எல்லாம் முடிந்து போட்டோ போய்ச் சேர வேண்டுமாம். ஊரில் பாதிப் பேர் வீடு தேடி வரும் லட்சுமியை எட்டி உதைக்காதே என்கிறார்கள். அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "மாசி பங்குனியில எட்டாயிரம் கன்னுக்கு எவன்டா தண்ணி ஊத்துவான்?" என்னிடம் பதில் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காட்டு மிளகு:

தம்பி, வாங்கிவிடுங்கள். குச்சிக்கிழங்கைத் திட்டுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அந்தக் கிழங்குதான் உங்கள் மலையில் எத்தனையோ பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியது. ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு எடுப்பவர் நடும்போதே முன்பணம் கொடுக்கிறார், லாரி காட்டு ஓரத்துக்கே வந்து நிற்கிறது. சாமைக்கு யார் வருகிறார்கள்? மத்திய அரசின் ஆதார விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன; சாமை, தினை, வரகு கிடையாது. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்களே, அதனால் கேழ்வரகுக்காவது ஒரு வாசல் திறந்தது. சாமைக்கு அதுவும் இல்லை.

என் யோசனை: அந்தக் கன்றுகளில் பாதியைச் சில்வர் ஓக்காகக் கேளுங்கள். நாலைந்து வருடத்தில் மிளகுக் கொடி ஏற்றலாம். மண்ணும் நிற்கும், காசும் வரும். போர்டுதானே, வைத்துவிட்டுப் போகட்டும், போர்டு சோறு கேட்கப் போகிறதா?

பழைய களப்பணி:

போர்டு சோறு கேட்காது, கன்று தண்ணீர் கேட்கும். தம்பியின் அம்மா கேட்டதுதான் இங்கே ஒரே கேள்வி.

நான் தொண்டு நிறுவனங்களில் 29 வருடம் இருந்தவன், பெரும்பாலும் மலையும் மலையடிவாரமும். என் கையாலேயே ஒரு தப்பு நடந்தது, அதைச் சொல்கிறேன். ஓர் ஊரில் நன்கொடைப் பணம் பிப்ரவரியில் வந்தது. செலவுக் கணக்கு மார்ச்சுக்குள் கேட்டார்கள். குழி வெட்டினோம், கன்று நட்டோம், பூசணிக்காய் உடைத்தோம், போட்டோ எடுத்தோம். ஆடி மாதம் போய் எண்ணினேன். குழிகள் அப்படியே இருந்தன, ஆட்டுக்குட்டிகள் அதில் படுத்திருந்தன. அந்த ஊர்க்காரர்கள் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்தல். இவர்கள் இப்படித்தான் வருவார்கள் போவார்கள் என்று ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்கள் போல.

அதற்கு மாறாக, விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டின் நீர்வடிப்பகுதி வேலைகளையும், அதாவது ஒரே ஓடைக்கு வடிகிற சரிவு முழுவதிலும் மண்ணையும் நீரையும் காக்கும் வேலைகளையும் பார்த்திருக்கிறேன். 1999-2000-இல் 200 கோடியில் அதற்கென ஒரு நிதி தொடங்கினார்கள். அதில் முழுப் பணமும் ஒரே நாளில் வராது. முதலில் ஒரு சின்னத் துண்டு நிலத்தில் மட்டும் வேலை. ஊர் கூடி வருகிறதா, சிரமதானமாக உழைப்பைப் போடுகிறதா, ஆடுமாடு மேய்ச்சலைக் கட்டுப்படுத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதி. வங்கிக் கணக்கு ஊர்க் குழுவும் தொண்டு நிறுவனமும் கூட்டாகக் கையெழுத்துப் போடுவது. காடு காடாக, முடிந்தவரை கணவன் மனைவி இருவரையும் நிற்க வைத்து, இந்த இடத்தில் வரப்பு, இந்த இடத்தில் மரம் என்று பேசித் திட்டம் எழுதுவோம். வேலை முகட்டில் ஆரம்பித்துக் கீழே இறங்கும், ஏனென்றால் மேலே ஓடுகிற தண்ணீரை விட்டுவிட்டுக் கீழே தடுப்பணை கட்டினால் ஒரே மழையில் மண் மூடிவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். பணம் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று நானே கத்தியிருக்கிறேன். இப்போது யோசித்தால் மெதுவாக வந்ததுதான் அந்தப் பணத்தின் நல்ல குணம்.

பழங்குடியினருக்கான வாடித் திட்டமும் அதே மாதிரிதான். 1982-இல் குஜராத்தின் வான்ஸ்தா பக்கம் பைஃப் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது, பிறகு 2003-04-இல் நபார்டு தனி நிதி ஒதுக்கி நாடு முழுக்கக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் போலப் பழத்தோட்டம், ஓரத்தில் காட்டு மரம், மரம் காய்க்கும்வரை நடுவில் ஊடுபயிர். நிலம் இல்லாதவர்களுக்கு வேறு தொழில். மரம் காய்க்க எத்தனை வருடம் ஆகுமோ அத்தனை வருடம் கூடவே நிற்கிற பணம். மூன்று மாதப் பணத்தில் மரம் வளர்க்கிற வித்தையை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

உரல்சத்தம்:

இங்கே மூன்று ஆண்கள் பேசிவிட்டீர்கள். சாமையைக் குத்துவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாமை காட்டை விட்டுப் போனதற்குக் கிழங்கு விலை பாதிக் காரணம், உரல் பாதிக் காரணம். நெல்லைக் கொடுத்தால் எந்த மில்லிலும் அரைத்துத் தருவான், சாமை அரிசி கடுகளவு, அதன் உமி கெட்டி. நாள் முழுக்கக் காட்டில் நின்றுவிட்டு வந்து இரவு உலக்கை பிடித்துக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கல் பொறுக்கி, அப்புறம் உலை. ரேஷன் அரிசி வந்ததும் எந்தப் பெண் உரலைத் தேடிப் போவாள்? நான் போகவில்லை, என் மாமியாரும் போகவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானிய வேலை பார்த்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது விதை சேமித்ததைவிட ஊருக்குள் சின்ன மில் வைத்ததுதான். உலக்கை ஓய்ந்தால்தான் சாமை திரும்பும்.

எங்கள் கதையைக் கேளுங்கள். 14 பேர் கொண்ட மகளிர் குழு, கொல்லிமலை இல்லை, வேறு மலை. உமி நீக்கும் மெஷின் இலவசமாக வந்தது. முதல் வருடம் மில் ஓடியது, சாமை வரவில்லை! அறுவடை நேரத்தில் எல்லோருக்கும் ரொக்கம் வேண்டும், ஒருவருக்குப் பள்ளிக்கூடப் பணம், ஒருவருக்கு நகை மீட்க வேண்டும். நாங்கள் "விற்றதும் தருகிறோம்" என்றோம். கீழ்நாட்டு வியாபாரி களத்திலேயே எண்ணிக் கொடுத்தார். யாரிடம் போடுவார்கள்? என் சொந்தக் கொழுந்தனாரே அவரிடம்தான் போட்டார். கேட்டால், "அண்ணி, உங்க மெஷினைக் கடிச்சா தின்ன முடியும்?" என்றார்.

இரண்டாம் வருடம் குழுவின் பெயரில் வங்கியில் 4 லட்சம் கடன் எடுத்தோம். குழுக்களுக்கு ஜாமீன் இல்லாக் கடன் வரம்பை 2021-இல் ரிசர்வ் வங்கி 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தியது, அதனால் மேனேஜர் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. களத்துக்கே தராசைக் கொண்டு போய் அன்றே பணம். வியாபாரி விலையைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவுதான் கொடுத்தோம், ஆனாலும் எங்களிடம்தான் போட்டார்கள், ஏனென்றால் எங்கள் தராசு நேராக நின்றது.

அதனால் தம்பி, அந்தக் கம்பெனி ஆட்களிடம் அறுவடையில் ரொக்கம் வைத்துக்கொள்ள ஏதாவது தருவீர்களா என்று கேளுங்கள். நிழல்வலைக் குடில் எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது, துணி காயப்போட வசதி.

மேட்டுக்காட்டான்:

அக்கா, "மெஷினைக் கடிச்சா தின்ன முடியும்" என்பதை எங்கள் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

கூட்டத்தில் இன்னொன்றும் வந்தது. போன வருடம் எங்கள் ஊரில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் கட்டவெட்டி என்கிற நாட்டு ரகச் சாமை போட்டார். சுற்றி எல்லாம் கிழங்கு. கதிர் பால் பிடித்ததும் மலையில் இருக்கிற குருவி எல்லாம் அவர் காட்டில்தான். பாதிக்கு மேல் போய்விட்டது. இருபது பேர் ஒரே சமயத்தில் போட்டால் குருவி தின்பது ஆளுக்குக் கொஞ்சமாகப் போகும் என்கிறார் அவர். தனியாள் மானியம் வாங்கிச் சாமை போட்டால் குருவிக்குத்தான் மானியம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 குடும்பமும் அரை ஏக்கர் போட்டால் 20 ஏக்கர். ஏக்கருக்கு 300 கிலோ என்றால் 6 டன். கிலோ 40 ரூபாய் என்றால் 2,40,000. சாக்கு, வண்டி, கூலி சேர்த்தால் 3 லட்சம். எங்கள் சேமிப்பு வருடத்துக்கு 48,000. ஆக எங்களுக்குக் குறைவது இரண்டரை லட்சம், அதுவும் நாலைந்து மாதத்துக்கு மட்டும். அவர்கள் தருவதோ 12 லட்சம், வேறு எதற்கோ!

கணக்குப்பிள்ளை:

நாமக்கல்லில் ஆடிட்டர் அலுவலகம். கம்பெனிகள் தரும் இந்தச் சமூகப் பொறுப்புப் பணம் (சி.எஸ்.ஆர்.) தினமும் என் மேசையில் வருவதுதான், அதனால் சிலவற்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

மார்ச் 31-க்குள் செலவழித்தே தீர வேண்டும் என்று வந்தவர்கள் சொன்னது முழு உண்மை இல்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், சரி. ஆனால் இயக்குநர் குழு அதை "தொடர் திட்டம்" என்று முடிவு செய்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளில் செலவழிக்கலாம். சட்டம் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது, நடந்து போகத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே அவர்களிடம் "இதைத் தொடர் திட்டமாக எடுங்கள், கன்று ஆனி மழையில் நடுகிறோம்" என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, மெஷினோ களமோ யார் பெயரில் இருக்கும் என்பது. 2021 விதிகளின்படி இந்தப் பணத்தில் உண்டாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பயனாளிகளின் சுயஉதவிக் குழு, கூட்டமைப்பு பெயரில் இருக்கலாம். வந்தவர்கள் மூலமாக வரும் தொண்டு நிறுவனத்தின் பெயரிலும் இருக்கலாம், ஏமாறுவது அங்கேதான். ஒப்பந்தத்தில் உங்கள் குழுப் பெயர் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது, சுழல்நிதியாக, அதாவது வாங்கி விற்றுத் திரும்பத் திரும்பச் சுழற்றும் பணமாக, ரொக்கம் கேட்டால் பெரும்பாலும் தயங்குவார்கள். போட்டோ எடுக்க முடியாதே! அதற்கு அந்த அக்கா சொன்ன வங்கிக் கடன்தான் வழி, அல்லது மலைவாழ் மக்களுக்கான உங்கள் லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும், தனி ஆளாகப் போனால் சிட்டா அடங்கல் என்று இழுக்கும், குழுவாகப் போவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. யாராவது உடனே உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பியுங்கள் என்பார்கள். 2020-இல் வந்த 10,000 உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தில் சமவெளியில் 300 பேர், மலைப்பகுதியில் 100 பேர் வேண்டும் என்று வைத்தார்கள். மூன்று வருடத்துக்கு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை, உறுப்பினருக்கு 2,000 வீதம் 15 லட்சம் வரை பங்கு மானியம், எல்லாம் நல்லதுதான். ஆனால் கம்பெனி என்றால் வருடாவருடம் தணிக்கை, படிவம். ஒரு படிவம் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் அபராதம், மறந்தால் வருடத்துக்கு 36,500. சாமை விற்றுக் கட்டிப் பாருங்கள். 40 குடும்பம் இரண்டு மூன்று அறுவடை பார்த்த பிறகு பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டு யோசிக்கலாம்.

அடையாறு தென்றல்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன், விவசாயம் தெரியாது, கோபித்துக்கொள்ள வேண்டாம். கார்பன் கிரெடிட் என்று, மரம் உறிஞ்சும் கரிக்காற்றுக்குக் காசு தருவது ஒன்று இருக்கிறதே? ஆந்திராவில் அரக்கு பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் பல லட்சம் மரம் நட்டதற்கு வெளிநாட்டு நிதி வந்ததாகப் படித்தேன். கொல்லிமலையில் ஏன் கூடாது? அதுவும் இல்லையென்றால் அமெரிக்காவில் இருக்கும் தமிழர் அமைப்புகளிடம் கேட்கலாம், என் நண்பர்களே தரத் தயார்.

கணக்குப்பிள்ளை:

உங்கள் நண்பர்கள் வெளிநாட்டுக் குடிமக்கள் என்றால் அவர்கள் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். 40 குடும்பக் குழுவுக்கு அந்தப் பதிவு கிடையாது. முன்பெல்லாம் பதிவு உள்ள ஒரு பெரிய நிறுவனம் வாங்கிச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வாங்கியவர் இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. மலைக்கிராம வேலைகளில் அதிகம் அடிபட்டது இந்தச் சின்னக் குழுக்கள்தான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பளத்திலிருந்து தருவது வேறு கணக்கு. எதுவானாலும் பணம் போடும் முன் கேளுங்கள், போட்ட பிறகு என்னிடம் வராதீர்கள்.

பழைய களப்பணி:

கார்பன் பற்றி நான் சொல்கிறேன். அரக்கில் நடந்தது உண்மை, அங்கே பின்னால் நின்ற அமைப்பும் முதலீட்டாளர்களும் பெரியவர்கள், ஆயிரக்கணக்கான ஏக்கர், காப்பி என்று கையில் ஏற்கெனவே ஒரு சந்தைப் பயிர். 20 ஏக்கருக்கு அளவை, சரிபார்ப்பு, சான்று என்று செலவு செய்தால் வருகிற காசு அதற்கே போய்விடும். அதோடு அது பல வருட ஒப்பந்தம். இன்று கையெழுத்துப் போடுகிறவர் மகளுக்குக் கல்யாணம் என்று இரண்டு மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று தெலுங்கிலோ தமிழிலோ எழுதிக் காட்டினால் அப்புறம் பேசலாம்.

தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த 40 குடும்பத்தில் நிலம் இல்லாதவர்கள், குத்தகைக்கு ஓட்டுபவர்கள் எத்தனை பேர்? கல் வரப்பு போட்டால் நிலம் உள்ளவருக்கு லாபம், ஆடு மேய்ப்பவருக்கு மேய்ச்சல் போகிறது. இதைச் சரி செய்யாமல் எந்த மலையிலும் வரப்பு நிற்காது. 1970-களில் சிவாலிக் அடிவாரத்தில் சுகோமஜ்ரி என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். சண்டிகரின் சுக்னா ஏரி மண் மூடிக்கொண்டு வந்தது, எங்கிருந்து மண் வருகிறது என்று தேடிக்கொண்டு போன பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள அதிகாரி இந்த ஊர்ச் சரிவில் வந்து நின்றார். மேய்ச்சலை நிறுத்துங்கள் என்றால் யார் கேட்பார்கள்? மண் அணை கட்டித் தண்ணீர் கொடுத்தார்கள், அந்தத் தண்ணீரில் நிலம் இல்லாத குடும்பத்துக்கும் சம பங்கு. தேவையில்லை என்றால் தன் பங்கை விற்கலாம். அதன் பிறகு ஆடுகளைச் சரிவில் ஏறவிடாமல் ஊரே காவல் காத்தது, வேலி போடவே இல்லை.

நேபாளத்திலும் 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு மலைக்கிராமங்கள் காட்டைக் குழுவாகப் பார்த்துக்கொள்கின்றன. காட்டில் வரும் வருமானம் குழுவிடமே நிற்கும், அதில் கால் பங்கைக் காட்டுக்கே திருப்பிச் செலவிட வேண்டும் என்று விதி. வெளியே கைநீட்டாமல் ஊருக்குள்ளேயே ஒரு பணப்பெட்டி. உங்கள் 100 ரூபாய் சேமிப்பைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

ஏற்காட்டு மிளகு:

எல்லாம் சரி, ஒன்றுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கடன் வாங்கிக் களத்தில் ரொக்கம் கொடுத்து 6 டன் சாமையை அடுக்கி வைத்துவிட்டார்கள். விலை 40-லிருந்து 28-க்கு இறங்கினால்? வியாபாரி நஷ்டத்தைத் தாங்குவார், அடுத்த வருடம் சம்பாதிப்பார். குழு நஷ்டப்பட்டால் ஊரில் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க முடியாது. என் சித்தப்பா ஊரில் ஒரு சங்கம் அப்படித்தான் போனது, இன்றுவரை இரண்டு பங்காளி வீடு பேசிக்கொள்வதில்லை.

உரல்சத்தம்:

அண்ணா கேட்பது நியாயம். எங்களுக்கும் ஒரு வருடம் விலை இறங்கியது. ஆனால் சாமைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, உமியோடு இருந்தால் வருடக்கணக்கில் கெடாது, எங்கள் பாட்டி குதிரில் போட்டு வைத்ததெல்லாம் அப்படித்தான். அரிசியாக்கிவிட்டால்தான் சில மாதத்தில் காறல் அடிக்கும். அதனால் ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் அரைப்போம். வாங்கியதில் கால் பங்கை விலைக்காகக் காத்திருக்காமல் ஊருக்குள்ளேயே விற்றோம், உமி நீக்கித் தந்தால் எங்கள் ஊர்ப் பெண்களே வாங்கிச் சமைக்கிறார்கள், சென்னைக்குப் பாக்கெட் போட்டு அனுப்புவதைவிட அதில் தலைவலி குறைவு. அப்புறம் கடனை ஏழு மாதத்தில் அடைக்க வேண்டியது பதினொரு மாதம் ஆனது. வட்டி கூடியது, லாபம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சண்டை வந்ததா என்றால் வந்தது. நோட்டைக் கோயில் திண்ணையில் விரித்து வைத்துப் படித்தோம், அடங்கியது.

கிழங்கை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை அண்ணா. எங்களிலும் எல்லோருக்கும் ஒரு துண்டில் கிழங்கு உண்டு. சமமான காட்டில் கிழங்கு, சரிவில் சாமை, அவ்வளவுதான்.

மேட்டுக்காட்டான்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கேட்டவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி கடிதம் எழுதினோம். அவர்கள் இரண்டு முறை வந்தார்கள், ஒரு முறை ஒரு பெரிய அதிகாரியும் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து இறங்கியதும் வாந்தி எடுத்தார், பாவம், அம்மாதான் சுக்குக் காப்பி கொடுத்தார். கடைசியில் தொடர் திட்டமாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். கன்று 8,000 இல்லை, 1,500. பலா, சில்வர் ஓக், கொஞ்சம் வேங்கை, ஆனியில் நடுவது, அவரவர் கேட்ட எண்ணிக்கையில். குடில் இல்லை. அதற்குப் பதில் சிமென்ட் களம், உமி நீக்கும் மெஷின், கல் நீக்கும் மெஷின், மூன்றும் குழுவின் பெயரில். வரப்புக்குக் கல் எங்கள் காட்டிலேயே கிடக்கிறது, கூலியில் பாதி அவர்கள், பாதி எங்கள் உழைப்பு. போர்டு உண்டு, ஆனால் சின்னது. சுழல்நிதி முடியவே முடியாது என்றுவிட்டார்கள். மொத்தம் 7 லட்சம்.

5 லட்சம் குறைந்ததால் 11 குடும்பம் விலகிவிட்டது. வந்த பணத்தைப் படித்த பையன் கெடுத்தான் என்று ஒரு பேச்சு இருக்கிறது, என் காதுபடவே சொல்கிறார்கள். பழைய களப்பணி ஐயா கேட்ட கேள்வியும் சுட்டது: ஆறு குடும்பத்துக்குச் சொந்த நிலம் இல்லை. அவர்களுக்கு மில்லை ஓட்டும் வேலையும், உமி தவிடு முழுக்க அவர்கள் மாட்டுக்கும் என்று பேசியிருக்கிறோம். ஆடு வைத்திருக்கும் இரண்டு வீடு இன்னும் ஒத்துவரவில்லை. குழுக் கடனுக்கு வங்கியில் கொடுத்திருக்கிறோம், ஆறு மாதக் கணக்கு நோட்டு கேட்டார்கள், இருக்கிறது.

உரல்சத்தம் அக்காவிடம் ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் ஒருமுனை மின்சாரம்தான், மும்முனைக்கு எழுதிக் கொடுத்தால் எப்போது வரும் என்று தெரியாது. மெஷின் விற்பவர் மும்முனை இல்லாமல் ஓடாது என்கிறார். நிஜமா?

உரல்சத்தம்:

விற்பவர் பெரிய மெஷினைத் தலையில் கட்டப் பார்க்கிறார். எங்களது ஒருமுனையில்தான் ஓடுகிறது, சின்ன மோட்டார். சாயந்திரம் வோல்டேஜ் இறங்கிவிடும், மோட்டார் சூடாகி வாடை வரும், அதனால் காலையிலேயே அரைத்துவிடுவோம். உமி நீக்கும் மெஷினையும் கல் நீக்கும் மெஷினையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். வாங்கும் முன் உங்கள் சாமையையே பத்து கிலோ மூட்டை கட்டிக்கொண்டு போய் அவர் கண்முன்னால் அரைத்துப் பாருங்கள், கட்டவெட்டிக்கும் பெருஞ்சாமைக்கும் மணி அளவு வேறு, அவர் காட்டுவது வேறு தானியமாக இருக்கும். முடிந்தால் மில் ஓட்டப் போகிற இரண்டு பேரை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள், இரண்டு நாள் தங்கட்டும். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்று சந்தை.